இந்த இணைப்பு எந்த வரியில் வரும்?

"உங்கள் தளத்தில் எங்களுக்கு ஓர் இணைப்பு கொடுங்கள், எங்கள் தளத்தில் உங்களுக்கு ஓர் இணைப்பு கொடுக்கிறோம்" என்று கேட்டு வரும் மின்னஞ்சல்களுக்கு என் முதல் பதில் ஒரு கேள்விதான். என்னுடைய எந்தப் பக்கத்தில், எந்த வரியில் அந்த இணைப்பு வர வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குமேல் எழுதுவதில்லை. சிலர், "எங்கே போட்டாலும் சரி, பக்கத்தின் அடியில் இருந்தாலும் போதும்" என்கிறார்கள். அபூர்வமாக ஒருவர் மட்டும் பைனாகுலர் பற்றிய என் கட்டுரையைப் படித்துவிட்டு, "முக்காலியைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். அந்த இடத்தில் வாசகருக்கு மேலும் விளக்கம் வேண்டியிருக்கும், அது எங்களிடம் இருக்கிறது" என்று எழுதுவார். அவருடன்தான் பேச்சு தொடர்கிறது.

நான் நடத்துவது வானம் பார்க்கத் தொடங்குபவர்களுக்கான சிறிய தளம். நிலவின் பள்ளங்களை எந்தப் பிறையில் பார்த்தால் நிழல் நீளமாக விழும், பைனாகுலரில் 10×50 என்று எழுதியிருந்தால் என்ன பொருள், வியாழனின் நான்கு பெரிய நிலவுகளை எப்படி அடையாளம் காண்பது என்பதையெல்லாம் பல ஆண்டுகளாக எழுதி வருகிறேன். விளம்பரம் கிடையாது, விற்பனையும் கிடையாது. பெரிய செய்தி நிறுவனத்துக்கோ கடைக்கோ இணைப்புகளைப் பற்றிய கணக்கு வேறாக இருக்கலாம். தனி ஆளாகவோ நாலைந்து பேராகவோ ஒரு துறையைப் பற்றித் தொடர்ந்து எழுதுபவர்களுக்கு நான் சொல்லப்போவது பொருந்தும்.

எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பரிமாற்றத்தில் யாரும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பைனாகுலரின் உருப்பெருக்கம் பத்து மடங்கைத் தாண்டினால் கை நடுக்கமே காட்சியைக் கலைத்துவிடும். அதனால்தான், முக்காலியிலோ தாங்கியிலோ பொருத்திப் பாருங்கள் என்று எழுதியிருந்தேன். எப்படிப் பொருத்துவது என்பது மரவேலை தெரிந்தவர் சொல்ல வேண்டிய விஷயம். தேடியபோது ஒருவர் மரத்தால் தாங்கி செய்வதை அளவுகளோடும் படங்களோடும், எந்த மூட்டு எப்போது தளர்ந்துபோகும் என்பது வரைக்கும் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். என் கட்டுரையின் அந்த வரியிலேயே அவருடைய பக்கத்துக்கு இணைப்பு வைத்தேன். அனுமதி கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. யாரும் யாருடைய பக்கத்தையும் முன்அனுமதியின்றிச் சுட்டலாம் என்பதால்தான் வலை இவ்வளவு பரந்து வளர்ந்தது.

சில மாதங்கள் கழித்து அவரிடமிருந்து மடல் வந்தது. தாங்கி செய்து முடித்தவர்கள் "இனி இதை வைத்து எதைப் பார்ப்பது?" என்று அவரிடம் கேட்கிறார்களாம். அந்தக் கேள்விக்கான பதிலாக, பைனாகுலரில் எளிதாகத் தெரியும் வான்பொருட்களைப் பற்றிய என் பக்கத்தைத் தன் கட்டுரையின் கடைசிப் பத்தியில் சுட்டியிருந்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது பரஸ்பர இணைப்பு. உள்ளே நடந்தது வேறு. அவருடைய வாசகர் வந்து நிற்கும் இடத்தில் என் பக்கம் தொடங்குகிறது, என் வாசகர் வந்து நிற்கும் இடத்தில் அவர் பக்கம் தொடங்குகிறது.

அந்த இணைப்பின் வழியாக வருபவர்கள் எண்ணிக்கையில் அதிகம் இல்லை. ஆனால் வந்தவர்கள் ஒரு பக்கத்தோடு திரும்பிப் போவதில்லை. அடுத்தடுத்த கட்டுரைகளுக்குப் போகிறார்கள், கேள்வி எழுதி அனுப்புகிறார்கள், திரும்ப வருகிறார்கள். எல்லாத் துறைகளையும் அடுக்கி வைத்த ஒரு பொதுப் பட்டியலிலும் என் தளம் இருந்தது. அங்கிருந்தும் ஆட்கள் வந்தார்கள், வந்த வேகத்தில் போனார்கள். இரண்டையும் பார்வையாளர் கணக்கில் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு, எத்தனை தளங்கள் என்னைச் சுட்டுகின்றன என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். எந்த வரியிலிருந்து சுட்டுகிறார்கள் என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

இதிலிருந்து நான் வகுத்துக்கொண்ட முறை இது. பரிமாற்றம் என்று வரும்போது அதில் இரண்டு தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. அவருடைய பக்கம் என் வாசகருக்கு உதவுமா என்பது என் முடிவு. என் பக்கம் அவருடைய வாசகருக்கு உதவுமா என்பது அவருடைய முடிவு. ஒன்றை மற்றொன்றுக்கு விலையாக்கிய உடனே இரண்டும் கெட்டுவிடுகின்றன, ஏனென்றால் அந்தப் பேரத்தில் வாசகர் எங்குமே இல்லை. என்னைச் சுட்டாவிட்டாலும் இவரை நான் சுட்டியிருப்பேனா? ஆம் என்றால் உடனே சுட்டிவிடுகிறேன். இல்லை என்றால் அவர் தன் முகப்புப் பக்கத்தையே தந்தாலும் வேண்டாம்.

பிறகு ஏன் இத்தனை பேர் இணைப்பைப் பண்டமாற்றாகக் கேட்கிறார்கள்? இதற்குத் தேடுபொறியின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாக இருந்து பின்னர் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் பேஜ்ரேங்க் என்ற கணக்கை விளக்கினார்கள். ஒரு பக்கத்தைச் சுட்டும் ஒவ்வோர் இணைப்பும் அதற்குக் கிடைக்கும் பரிந்துரை. பரிந்துரைப்பவர் மதிப்பு மிக்கவராக இருந்தால் அந்தப் பரிந்துரைக்கும் மதிப்பு கூடும். அதே கணக்கில் இன்னொரு பகுதி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு பக்கம் தன் மதிப்பை எத்தனை இணைப்புகளுக்குக் கொடுக்கிறதோ அத்தனை பங்காக அது பிரிகிறது. "நண்பர்கள் தளங்கள்" என்ற தலைப்பில் இருநூறு முகவரிகளை அடுக்கிய பக்கத்திலிருந்து ஒருவருக்குக் கிடைப்பது இருநூறில் ஒரு பங்கு. ஒன்றையொன்று மட்டும் சுட்டிக்கொண்டு, வேறு எங்கும் சுட்டாத இரண்டு பக்கங்கள் மதிப்பைத் தமக்குள்ளேயே தேக்கிக்கொள்ளும் சிக்கலும் அதை உருவாக்கியவர்களுக்கு அப்போதே தெரியும். அதற்குத் தீர்வாகத்தான், வாசகர் எப்போதாவது சலித்துப்போய் வேறெங்கோ தாவிவிடுவார் என்ற அனுமானத்தைக் கணக்கிலேயே சேர்த்தார்கள். இன்றைய கூகுள் இந்த ஒரே கணக்கில் இயங்குவதில்லை. ஆனால் பரஸ்பர இணைப்புகளால் ஏமாறாமல் இருப்பது எப்படி என்ற யோசனை அதன் பிறப்பிலேயே இருந்தது.

ஒரு காலத்தில் உலாவியில் சேர்த்துக்கொள்ளக்கூடிய கூகுளின் டூல்பார் என்ற பட்டை, தளங்களின் பேஜ்ரேங்கைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணாகவே காட்டியது. அந்த எண் கண்ணுக்குத் தெரிந்தவுடன் அதற்குச் சந்தையும் உருவானது. என் தளம் நான்கு, உன் தளம் ஐந்து, ஆகவே நீ ஒன்று கொடுத்தால் நான் இரண்டு தருகிறேன் என்று பேரம் பேசினார்கள். 2016இல் அந்த எண்ணைக் காட்டுவதையே கூகுள் நிறுத்திவிட்டது. அதற்கு முன்பே, 2012 ஏப்ரலில் வந்த பெங்குயின் என்ற மாற்றம் இணைப்புகளைச் செயற்கையாகப் பெருக்கிய தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியிருந்தது. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தில் அதன் தாக்கம் தெரிந்ததாகக் கூகுளே அப்போது சொன்னது. 2016 செப்டம்பரில் பெங்குயின் கூகுளின் மையக் கணக்கின் நிரந்தரப் பகுதியாகிவிட்டது. அதன்பின் தளத்தையே தண்டிப்பதைவிட, இப்படிப்பட்ட இணைப்புகளின் மதிப்பைப் பூஜ்யமாக்குவதில்தான் அதிகக் கவனம் செலுத்துகிறார்கள்.

தேடல் முடிவுகளை ஏமாற்றும் வேலைகளைத் தடுக்க இன்று நடப்பில் இருக்கும் கூகுளின் ஸ்பேம் கொள்கையில் இணைப்புப் பரிமாற்றம் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கிறது. அங்கே தடுக்கப்படுவது அளவுமீறிய பரிமாற்றமும், ஒருவரையொருவர் சுட்டிக்கொள்வதற்காகவே உருவாக்கப்பட்ட பக்கங்களும். "அளவுமீறிய" என்ற சொல்லை ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரே துறையில் எழுதும் இருவர் ஒருவரையொருவர் மேற்கோள் காட்டுவது இயல்பு. அதற்கு அஞ்சி, "அவர் என்னைச் சுட்டிவிட்டார், இனி நான் அவரைச் சுட்டினால் ஆபத்து" என்று நல்ல கட்டுரைகளைச் சுட்டாமல் விட்டவர்களை நான் அறிவேன். அவர்களுடைய வாசகர்களுக்காக எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்த அச்சம் தேவையில்லை.

வெவ்வேறு விதமாக வந்த சில கோரிக்கைகளையும் அவற்றுக்கு நான் என்ன முடிவெடுத்தேன் என்பதையும் சொல்கிறேன்.

ஜோதிடத் தளம் ஒன்று கேட்டது. "நீங்களும் கோள்களைப் பற்றி எழுதுகிறீர்கள், நாங்களும் கோள்களைப் பற்றி எழுதுகிறோம்" என்பது அவர்கள் வாதம். சொற்கள் ஒன்றாக இருந்தன, வாசகரின் தேவை ஒன்றாக இல்லை. சனி இன்று எந்தப் பக்கம் உதிக்கும் என்று என்னிடம் வருபவருக்கு, சனி தன்னை என்ன செய்யும் என்ற பதில் கிடைக்கும் இடத்தை நான் காட்ட முடியாது. எந்த வரியில் வைப்பது என்று என் எல்லாப் பக்கங்களையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தேன். அப்படி ஒரு வரியே இல்லை. மரியாதையோடு மறுத்தேன். தலைப்பில் ஒற்றுமை இருப்பதும் வாசகரின் பாதையில் ஒற்றுமை இருப்பதும் வேறு வேறு என்பது அப்போது தெளிவானது. இதற்கு நேர்மாறாக, பறவை பார்ப்பவர் ஒருவரின் தளம் தலைப்பில் என்னுடையதோடு ஒட்டவே ஒட்டாது. ஆனால் பைனாகுலர் கண்ணாடியில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதைப் பற்றி அவர் எழுதியதைவிட நல்ல கட்டுரையை நான் பார்த்ததில்லை. தயக்கமில்லாமல் சுட்டியிருக்கிறேன்.

தொலைநோக்கி விற்கும் கடை ஒன்று இணைப்புக்குப் பதிலாகக் கருவி ஒன்றை அனுப்புவதாகச் சொன்னது. இது பரிமாற்றம் என்ற பெயரில் வரும் விளம்பரம். விளம்பரம் ஏற்பது குற்றமல்ல, மறைப்பதுதான் பிரச்சினை. பணமோ பொருளோ கைமாறி வைக்கப்படும் இணைப்பில் ஸ்பான்சர்டு என்ற குறியைச் சேர்க்க வேண்டும். 2019 செப்டம்பரில் கூகுள் அறிமுகப்படுத்திய குறி இது. இந்த இணைப்பை என் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும், 2005 முதல் இருந்து வரும் நோஃபாலோ குறியையும் பயன்படுத்தலாம். இந்தக் குறிகள் தேடுபொறிக்கானவை, வாசகரின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே வாசகருக்கும் அதே இடத்தில் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும். நான் கடைக்கு இதை விளக்கி, குறியோடும் அறிவிப்போடும்தான் வைக்க முடியும் என்றேன். அவர்களுக்கு அது வேண்டாமாம். கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்பதை அறிய இதைவிட எளிய சோதனை எனக்குத் தெரியாது. குறி இருந்தாலும் வாசகர் வருவார், படிப்பார், விரும்பினால் வாங்குவார். அது போதாது என்பவருக்கு வேண்டியது வாசகர் இல்லை.

மிக நீண்ட நேரம் யோசித்து எடுத்த முடிவு சூரிய கிரகணத்தைப் பற்றியது. கிரகணம் நெருங்கும்போது வானம் பற்றிய எல்லாத் தளங்களுக்கும் கூட்டம் பெருகும். அந்தச் சமயத்தில் ஒரு தளம் பரிமாற்றம் கேட்டது. நேர்த்தியான தளம், நல்ல படங்கள், ஓரளவு பெயரும் உண்டு. கிரகண நேரங்களின் அட்டவணை என்னிடம் இருந்ததைவிட விரிவாக இருந்தது. என் கட்டுரையில் அதற்கு உரிய வரியும் இருந்தது. அந்தப் பக்கத்தை மட்டும் பார்த்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன். என் வழக்கப்படி, சுட்டப்போகும் பக்கத்திலிருந்து ஒரே சொடுக்கில் போகக்கூடிய மற்றப் பக்கங்களையும் படித்தேன். அவற்றில் ஒன்று, எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகவும் புகை படிந்த கண்ணாடி வழியாகவும் சூரியனைப் பார்க்கலாம் என்றது.

இரண்டுமே ஆபத்து. வெளிச்சம் மங்கலாகத் தெரிவதால் பாதுகாப்பு என்று தோன்றும், ஆனால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் உள்ளே போய்க்கொண்டிருக்கும். விழித்திரையில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. சுடுவது தெரியாமலேயே பார்வை போய்விடலாம். நேரடியாகப் பார்ப்பதற்கான கண்ணாடி ஐஎஸ்ஓ 12312-2 என்ற சர்வதேசத் தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும், அந்தக் கண்ணாடியோடுகூடப் பைனாகுலர் வழியே பார்க்கக் கூடாது. இதையெல்லாம் என் தளத்தில் அழுத்தி எழுதிவிட்டு, அதே வாசகரை நான் அந்தத் தளத்துக்கு அனுப்பினால், என் எச்சரிக்கையை நானே ரத்து செய்வதாகும். சிறுவர்களும் படிக்கும் தளம் என்னுடையது.

தள உரிமையாளருக்கு எழுதினேன். பரிமாற்றத்தைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பக்கத்தில் எது தவறு, ஏன் தவறு, சரியான தகவல் எது என்பதை மட்டும் எழுதி, கிரகணத்துக்கு முன் திருத்திவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவர் அந்தப் பக்கத்தைத் திருத்தி எழுதினார். அதன்பின் அட்டவணையைச் சுட்டினேன். மறுப்பதற்கும் ஏற்பதற்கும் நடுவில் இப்படி ஒரு வழி இருக்கிறது. தகவல் பிழை ஒன்றே தடை என்றால் அதைச் சொல்லிவிடுவது நல்லது. நல்ல தளங்களை நடத்துபவர்கள் பிழை சுட்டும் கடிதத்தை இணைப்புக் கேட்கும் கடிதத்தைவிட அக்கறையோடு படிக்கிறார்கள்.

மூன்று தளங்கள் சேர்ந்து செய்யும் பரிமாற்றமும் உண்டு. நான் உங்களைச் சுட்டுவேன், நீங்கள் மூன்றாவது தளத்தைச் சுட்ட வேண்டும், அது என்னைச் சுட்டும். நேரடியான கொடுக்கல் வாங்கல் தெரியாமல் இருப்பதற்காகவே செய்யப்படும் சுற்றுவழி இது. தேடுபொறிகள் தனித்தனி ஜோடிகளை மட்டும் பார்ப்பதில்லை, இணைப்புகளின் மொத்த வலையமைப்பையும் பார்க்கின்றன. முக்கோணம் அவற்றுக்குப் புதிதல்ல. இதைவிட எனக்கு உறுத்துவது, அந்த மூன்றாவது தளம் எது என்பது பெரும்பாலும் கடைசியில்தான் தெரியவரும் என்பது. முகம் தெரியாத ஒருவருக்கு என் பெயரில் நற்சான்று எழுதச் சொல்வதற்கு ஒப்பானது அது.

கோரிக்கை வந்ததும் தளத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன். முகப்பை விட்டுவிட்டு, பழைய கட்டுரை ஒன்றையும் புதிய கட்டுரை ஒன்றையும் முழுதாகப் படிக்கிறேன். எழுதியவருக்கு அந்தத் துறையில் கை பழகியிருக்கிறதா என்பது நாலு பத்தியில் தெரிந்துவிடும். பிறகு அவர் ஏற்கெனவே யாரையெல்லாம் சுட்டுகிறார் என்று பார்க்கிறேன். இது மிக முக்கியம். வானவியல் கட்டுரையின் நடுவில் கடன் தரும் நிறுவனத்துக்கோ சூதாட்டத் தளத்துக்கோ இணைப்பு இருந்தால், அந்தத் தளம் இணைப்புகளை விற்கிறது என்று பொருள். நான் அதைச் சுட்டினால் என் வாசகரையும் அந்த வரிசையில் நிறுத்துகிறேன். ஒரு தளத்தின் பக்கங்களை மட்டும் காட்டும் சைட் (site:) என்ற கட்டளையோடு அந்த முகவரியைக் கூகுளில் தேடிப் பார்ப்பதும் உதவும். பல ஆண்டுகளாக இருக்கும் தளத்தின் ஒரு பக்கம்கூட முடிவுகளில் வரவில்லை என்றால் காரணம் கேட்க வேண்டும். தளத்தை நடத்துவது யார், அவரைத் தொடர்புகொள்ள வழி இருக்கிறதா என்பதையும் பார்க்கிறேன்.

டொமைன் அத்தாரிட்டி என்ற எண்ணைக் கடிதத்தின் முதல் வரியிலேயே போடுபவர்கள் உண்டு. தேடலில் ஒரு தளம் எவ்வளவு முன்னே வரக்கூடும் என்று மாஸ் என்ற தனியார் நிறுவனம் தன் கணக்கின்படி மதிப்பிடும் எண் அது. தேடுபொறிகள் அதைப் பயன்படுத்துவதில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குறிப்பாகக் கொள்ளலாம், முடிவெடுக்க உதவாது. அந்த எண் உயரத்தில் இருந்தும் ஒரு வாசகரைக்கூட அனுப்பாத தளங்கள் ஏராளம்.

தளம் தொடங்கிய புதிதில் பரிமாற்றம் செய்யலாமா என்பது அடிக்கடி வரும் கேள்வி. வேண்டாம் என்பதே என் பதில். புதிய தளத்தில் கொடுப்பதற்கு இன்னும் எதுவும் இல்லை. அந்த நிலையில் சம்மதிப்பவர்களும் பெரும்பாலும் கொடுப்பதற்கு எதுவும் இல்லாதவர்களாகவே இருப்பார்கள். அந்தக் காலத்தில் செய்ய வேண்டியது வேறு. உங்கள் துறையில் எல்லோரும் ஒரு வரியோடு கடந்துவிடும் விஷயம் ஒன்று இருக்கும். அதைக் கண்டுபிடித்து, இனி யாரும் எழுத வேண்டியதில்லை என்னும் அளவுக்கு முழுமையாக எழுதுங்கள். மற்றவர்களின் கட்டுரைகளில் இருக்கும் அந்த ஒற்றை வரிகள் எல்லாம் உங்கள் பக்கத்துக்காகக் காத்திருப்பவை. என் தளத்துக்கு அப்படி அமைந்தது நிலவின் ஒளி-நிழல் எல்லையைப் பற்றிய கட்டுரை. முழுநிலவில் பள்ளங்கள் தெரியாமல் போவது ஏன், அரைநிலவின் போது அந்த எல்லையோரம் பார்த்தால் அவை தெளிவாக எழுந்து நிற்பது ஏன் என்பதை ஒவ்வொரு பிறைக்குமான படங்களோடு எழுதினேன். என்னை இன்று சுட்டும் பெரும்பாலான தளங்கள் அந்தப் பக்கத்தைத்தான் சுட்டுகின்றன. அவர்களில் யாரிடமும் நான் கேட்டதில்லை.

கேட்கவே கூடாது என்று சொல்லவில்லை. உங்கள் பக்கம் தயாராக இருந்து, மற்றவரின் கட்டுரையில் அதற்கான வரியும் இருந்தால் எழுதலாம். கடிதத்தில் அந்த வரியைக் குறிப்பிடுங்கள், உங்கள் பக்கத்தின் முகவரியைக் கொடுங்கள், அது எதற்குப் பதில் சொல்கிறது என்று ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பதிலுக்கு நானும் சுட்டுகிறேன் என்று அந்தக் கடிதத்தில் எழுத வேண்டாம். சுட்டப்படும் தகுதி அவர் கட்டுரைக்கு இருந்தால், கடிதம் எழுதுவதற்கு முன்பே அதைச் சுட்டிவிட்டிருப்பீர்கள். இணைப்பு எந்தச் சொற்களின் மேல் இருக்க வேண்டும் என்று கட்டளையிடவும் வேண்டாம். எல்லாத் தளங்களிலும் ஒரே விற்பனைச் சொற்களின் மேல் இணைப்பு இருந்தால் அது செயற்கை என்று தேடுபொறிக்குத் தெரியும், வாசகருக்கும் தெரியும். அவர் தன் நடையில் எழுதட்டும். தளத்தின் எல்லாப் பக்கங்களின் அடியிலும் திரும்பத் திரும்பத் தோன்றும் இணைப்பைத் தருவதாக யாராவது சொன்னாலும், கட்டுரை நடுவில் ஒரே ஓர் இணைப்பு போதும் என்று சொல்லிவிடுங்கள்.

மறுப்புக் கடிதத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்வேன். "உங்கள் தளத்தைப் பார்த்தேன். என் பக்கங்களில் வாசகருக்கு அது தேவைப்படும் இடம் இப்போது இல்லை. அப்படி ஒரு கட்டுரை எழுதும்போது நானே சுட்டுவேன்." அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மறுத்தவர்களின் முகவரிகளைக் குறித்து வைத்திருக்கிறேன். பின்னாளில் அவர்களில் சிலரை உண்மையிலேயே சுட்டியிருக்கிறேன், அவர்களிடம் சொல்லாமலே.

உங்களைச் சுட்டிய ஒருவர் பின்னாளில் தன் பக்கத்திலிருந்து உங்கள் இணைப்பை எடுத்துவிட்டால் என்ன செய்வது? விண்மீன் வரைபடங்கள் தயாரிக்கும் தளம் ஒன்று தன் பக்கங்களைச் சீரமைத்தபோது என்னைச் சுட்டிய பத்தியே போய்விட்டது. நானும் பதிலுக்கு எடுத்துவிடலாமே என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த வரைபடங்கள் நேற்றைப் போலவே இன்றும் நன்றாக இருக்கின்றன. என் வாசகருக்கு அவை தேவை. எடுக்க வேண்டிய காரணமே எனக்குத் தெரியவில்லை. முன்னரே இரண்டு முடிவுகளையும் தனித்தனியாக எடுத்திருந்ததால், இந்த இடத்தில் மனக்கசப்புக்கும் வேலையில்லாமல் போனது.

இணைப்பை வைத்த பிறகும் பொறுப்பு முடிவதில்லை. வலைப்பக்கங்களின் ஆயுள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பிறகு கிடைக்கவில்லை. உடைந்த இணைப்பால் வாசகருக்குச் சலிப்புத்தான். அதைவிட மோசமான ஒன்று உண்டு. தளத்தின் முகவரியான டொமைனை அதன் உரிமையாளர் புதுப்பிக்காமல் விட்டால் வேறு யாராவது அதை வாங்கி, பழைய நற்பெயரைப் பயன்படுத்தி, வேறு சரக்கை அங்கே வைத்துவிடுவார்கள். நான் சுட்டியிருந்த, எரிகற்பொழிவுகளைப் பற்றிய அருமையான தளம் ஒன்றுக்கு இது நேர்ந்தது. முகவரி அதேதான், உள்ளே சூதாட்டம். உடைந்த இணைப்புகளைத் தேடித்தரும் கருவிகள் இதைக் கண்டுபிடிக்காது, ஏனென்றால் பக்கம் நன்றாகவே திறக்கிறது. ஆள் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் வைத்த தேதியோடும், அது எதற்காக வைக்கப்பட்டது என்ற குறிப்போடும் ஒரு பட்டியலில் எழுதி வைத்திருக்கிறேன். அதிகம் படிக்கப்படும் கட்டுரைகளில் உள்ளவற்றை அடிக்கடியும், மற்றவற்றை ஆண்டுக்கு ஒரு முறையும் நானே திறந்து பார்க்கிறேன்.

அந்த எரிகல் தளத்தின் பழைய பக்கங்கள், வலைப்பக்கங்களின் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் இருந்தன. பழைய முகவரியை எடுத்துவிட்டு, சேமிக்கப்பட்ட அந்தப் பிரதியைச் சுட்டினேன். அது எந்தத் தேதியின் பிரதி என்பதையும், அந்த முகவரியில் இப்போது இருப்பது வேறொருவருடைய தளம் என்பதையும் அதே வரியில் எழுதினேன். எழுதியவரின் புதிய முகவரி தெரியவில்லை. அதே தளத்தை முன்பு சுட்டியிருந்த மற்றச் சில வானவியல் தளங்களைத் தேடிப் பிடித்து, நடந்ததைச் சொல்லி, சேமிக்கப்பட்ட பிரதியின் முகவரியையும் அனுப்பினேன். இரண்டு தளங்கள் மறுநாளே மாற்றிவிட்டன.